கூட்டம் இருக்குங்களா?

நான் எவ்வளவு குடிக்கிறேன் என்று முதலில் கணக்குப் போட்டவள் என் மனைவி. அதற்கு அவளுக்கு உதவியது டாஸ்மாக் கடையேதான். 2022 மே மாதம் நீலகிரியில் காலி பாட்டிலைத் திரும்ப வாங்கும் திட்டம் வந்தது. காட்டிலும் ஓடையிலும் உடைந்து கிடக்கும் பாட்டில்கள் யானை, காட்டெருமைக் கால்களைப் பதம் பார்க்கின்றன என்று உயர் நீதிமன்றம் வரை போன விஷயம் அது. வாங்கும்போது பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதல். காலியைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அந்தப் பத்து ரூபாய் திரும்பக் கிடைக்கும். நான் ஒன்றைக்கூடத் திருப்பிக் கொடுத்ததில்லை. விறகு அடுக்குக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டிக்கு அடியில், பழைய உரச் சாக்குக்குள் என்று ஒளித்து வைக்கிறவன் அதையெல்லாம் எப்படி வெளியே எடுப்பான்? செப்டம்பரில் ஒரு நாள் அவள் எல்லாவற்றையும் பொறுக்கித் தன் தம்பியிடம் கொடுத்தனுப்பியிருக்கிறாள். இரவு சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் 340 ரூபாயை வைத்தாள். "போன தடவ கூட்டிப் பெருக்கி பன்னெண்டு நாளாச்சு" என்றாள். வேறொன்றும் பேசவில்லை.

34 பாட்டிலைப் பன்னிரண்டால் வகுத்தால் நாளுக்கு மூன்று குவாட்டருக்குக் கொஞ்சம் குறைவு. எனக்கு வகுத்தல் தானாக வந்துவிடும். கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் இலைக் கணக்கு எழுதுகிறேன். சிறு விவசாயிகள் கொண்டுவரும் பச்சை இலையை எடை போட்டு, ஈரத்துக்குக் கழித்து, அவர்கள் பாஸ்புக்கில் பதிய வேண்டும். அந்த வருடம் என் கையெழுத்து மிக மோசமாகியிருந்தது. காலையில் பேனா பிடித்தால் 1 எது 7 எது என்று எனக்கே தெரியாது. பதினொரு மணிக்கு மேல் கொஞ்சம் நன்றாக இருக்கும். ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை.

அதற்கு முன்பும் நிறுத்தியிருக்கிறேன், பலமுறை. ஒவ்வொரு கார்த்திகையிலும் மாலை போட்டால் ஒரு மண்டலம் வாயில் ஒரு சொட்டு படாது. மலையேறி, இறங்கி, மாலையைக் கழற்றிய அன்று மாலையே கடை. அந்த மண்டலத்தைக் காட்டித்தான் "நான் நினைத்தால் விட்டுவிடுவேன்" என்று பத்து வருடம் வாதாடினேன். கோயிலில் கயிறும் கட்டியிருக்கிறேன். கயிறு நைந்து விழும்வரை கூடத் தாங்கவில்லை. மலையில் இருப்பவர்களுக்கு இன்னொரு சாக்கும் உண்டு, குளிர். குடித்தால் சூடு பிறக்கிறது என்பது வெறும் தோற்றம். தோலுக்கு அடியில் உள்ள ரத்தக் குழாய்கள் விரிவதால் தோல் சூடாகத் தெரிகிறது, உள்ளே இருக்கும் சூடுதான் அந்த வழியாக வெளியே போய்க்கொண்டிருக்கிறது. சனவரி உறைபனியில் குடித்துவிட்டு ரோட்டோரம் படுத்தவர்கள் சிலர் காலையில் எழாததற்கு இதுவும் ஒரு காரணம்.

340 ரூபாயைப் பார்த்த மறுநாள் ரோஷத்தில் ஒரேயடியாக நிறுத்தினேன். இதைப் படிப்பவர்களுக்கு நான் முதலில் சொல்ல நினைப்பது இதைத்தான்: தினமும் அந்த அளவு குடித்தவர்கள் வீட்டிலேயே அப்படி நிறுத்தக் கூடாது. முதல் நாள் வியர்வை, நடுக்கம். இரண்டாம் நாள் இரவு கை கால் இழுத்துக் கீழே விழுந்தேன். 108 வந்தது. மருத்துவமனையில் டாக்டர் பிறகு விளக்கினார். தினமும் மது மூளையை மந்தமாக்கிக்கொண்டே இருப்பதால், அதை ஈடுகட்ட மூளை கூடுதல் வேகத்தில் ஓடிப் பழகிவிடுகிறதாம். மதுவைத் திடீரென்று எடுத்துவிட்டால் அந்த வேகம் மட்டும் மிஞ்சுகிறது. வலிப்பு பெரும்பாலும் முதல் இரண்டு நாளில் வரும். மூன்றாம் நாள் வாக்கில் இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும், உயிருக்கே ஆபத்தாகலாம். எனக்குச் சுவரில் எறும்பு ஊர்ந்தது. தயமின் என்கிற வைட்டமின் ஊசி, அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக் கொடுக்கும் மாத்திரை என்று ஆறு நாள் படுத்திருந்தேன்.

அங்கே இருக்கும்போது என் மனைவி ஒன்றை ஒப்புக்கொண்டாள். தெரிந்தவர் பேச்சைக் கேட்டு, குழம்பில் கலக்க ஒரு பொடி வாங்கி வைத்திருந்தாளாம். டாக்டர் அவளைத் திட்டவில்லை, ஆனால் முகம் மாறிவிட்டது. டைசல்ஃபிராம் என்று ஒரு மருந்து உண்டு. அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் விழுந்து, சில சமயம் உயிரே போய்விடும். சாப்பிடுகிறவருக்குத் தெரிந்து, அவர் சம்மதத்தோடு, மருத்துவர் மேற்பார்வையில்தான் கொடுக்க வேண்டும். பெயரில்லாத பொடியில் என்ன இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்? பொடி அன்றைக்கே குப்பைக்குப் போனது.

கிளம்பும் நாளில் டாக்டர் சீட்டின் பின்பக்கம் 'ஏ.ஏ.' என்று எழுதிக் கொடுத்தார். "உடம்புல இருந்து சாராயத்த எடுக்கத்தான் என்னால முடியும். மிச்சத்துக்கு இங்க போங்க." நான் அதை ஏதோ ரத்தப் பரிசோதனை என்று நினைத்து லேபில் கொண்டுபோய் நீட்டினேன். அந்தப் பெண் இரண்டு முறை திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்த டெஸ்ட் இங்க எடுக்கறதில்லங்க" என்றாள்.

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்பது குடிநோயாளிகள் தங்களுக்குத் தாங்களே நடத்திக்கொள்ளும் கூட்டம். டாக்டர் கிடையாது, கட்டணம் கிடையாது, வருகைப் பதிவேடு கிடையாது. இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அப்போது தெரிந்ததெல்லாம் செல்போனில் தேடிக் கண்ட ஒரு விலாசம் மட்டும்தான். ஊட்டி, ஞாயிற்றுக்கிழமை. கோத்தகிரியிலேயே யாரையாவது விசாரித்திருக்கலாம். விசாரித்தால் எனக்கென்று தெரிந்துவிடுமே! மதியம் பன்னிரண்டுக்குக் கடை திறக்கும் முன்பே வரிசையில் நிற்கும் என்னை ஊரே பார்த்திருக்கிறது, அதில் எனக்குக் கூச்சமே இருந்ததில்லை. ஆனால் நிறுத்தப் போகிறேன் என்று தெரிந்துவிடுமோ என்று வெட்கம். இந்த மனசை என்னவென்று சொல்ல.

ஊட்டி போய்ச் சேர்ந்தேன். அறை பூட்டியிருந்தது. காவலுக்கு இருந்த பெரியவர், "அது கொரோனாவோட நின்னு போச்சு தம்பி" என்றார். திரும்பும் பஸ்ஸுக்கு நேரம் கிடந்தது. மழை. சேரிங் கிராஸ் வரை நடந்தேன். பூட்டிய கதவைப் போல வசதியான சாக்கு வேறெதுவும் எனக்கு அதுவரை கிடைத்ததில்லை. 'நான் வந்தேன், அவர்கள்தான் இல்லை' என்று எனக்கு நானே தீர்ப்பெழுதிக்கொண்டு கடைக்குள் போனேன். மருத்துவமனையில் கழித்த ஆறு நாளும் ஒரு குவாட்டரில் கரைந்தது.

அதனால் முதல் முறை தேடுகிறவர்கள், போவதற்கு முன் போன் செய்யுங்கள். விலாசம் மட்டும் கிடைத்தால் போதவே போதாது. கூட்டம் நடக்கும் இடங்கள் பெரும்பாலும் பள்ளி வகுப்பறை, தேவாலயத்துப் பின்கட்டு என்று இரவல் இடங்களாக இருக்கும், மாறிக்கொண்டே இருக்கும். எழுதி வைத்த பட்டியல் பழையதாகிவிடும். அந்தக் கூட்டத்துக்கு இந்த வாரம் போய் வந்த ஓர் ஆளின் குரலைக் கேட்ட பிறகு பஸ் ஏறுங்கள். பூட்டியிருந்தால் அடுத்த இரண்டு மணி நேரம் எங்கே இருப்பது என்பதையும் வீட்டிலிருந்து கிளம்பும்போதே முடிவு செய்துவிடுங்கள். நான் செய்யவில்லை.

இரண்டு நாள் கழித்து 14446-க்கு அழைத்தேன். போதைப் பழக்கத்துக்கான மத்திய அரசின் இலவச உதவி எண். இரவில் தூக்கமில்லாமல் மனது கண்டபடி அலையும்போது 14416 இருக்கிறது, டெலி மானஸ் என்கிற மனநல உதவி எண். அதில் தமிழிலேயே பேசலாம். 14446-இல் பேசியவர் அவசரப்படாமல் கேட்டார். எவ்வளவு குடிக்கிறீர்கள், கடைசியாக எப்போது, வலிப்பு வந்ததா என்று. மீண்டும் மருத்துவமனை போய் மாத்திரையோடு நிறுத்துங்கள், பிறகு கூட்டம் என்று வரிசையையும் சொன்னார். அப்படியே செய்தேன். என் மைத்துனர்கள் வேறொரு திட்டம் வைத்திருந்தார்கள், மூன்று மாதம் உள்ளே வைத்துப் பூட்டும் ஏதோ ஒரு மையம். டாக்டரிடம் கேட்டபோது, அப்படிப்பட்ட இடங்கள் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும், முதலில் அதைக் கேளுங்கள் என்றார். கேட்டார்கள். சரியான பதில் வரவில்லை. அதோடு அந்தப் பேச்சு நின்றது.

கூட்டத்துக்கு நான் தேர்ந்தெடுத்தது கோயம்புத்தூர். காரணம், அங்கே என்னை யாருக்கும் தெரியாது. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கி, அங்கிருந்து இன்னொரு பஸ். போக வர ஒரு நாளே போய்விடும்.

மூன்றாம் வகுப்பு அறை. குழந்தைகள் பெஞ்சில் முட்டி இடிக்க உட்கார்ந்திருந்தார்கள், பதினைந்து பேர் இருக்கும். கரும்பலகையில் அன்றைய வருகை 38 என்று யாரோ டீச்சர் எழுதியது அப்படியே இருந்தது. ஒருவர் எதையோ வாசித்தார். குடியை விட வேண்டும் என்ற ஆசை ஒன்றுதான் இங்கே தகுதி என்பது மட்டும் காதில் விழுந்தது. முழுப் பெயர் கேட்கவில்லை. ஊர், சாதி, சம்பளம் எதையும் கேட்கவில்லை. ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலே இத்தனையும் கேட்டுவிடுகிற நாட்டில் இது எனக்கு விநோதமாக இருந்தது. இஸ்திரி கலையாத சட்டை போட்ட ஒருவர் எழுந்தார். கழிவறை ஃபிளஷ் தொட்டிக்குள் பாட்டிலை மிதக்க விட்டதையும், வீட்டுக்கு வந்த பிளம்பர் அதை எடுத்து அவர் மாமனார் கையில் கொடுத்ததையும் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் விறகு அடுக்கு நினைவுக்கு வந்தது.

ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே பேசுவதில்லை, அறிவுரையும் சொல்வதில்லை. பேச விருப்பமில்லையென்றால் சும்மா இருக்கலாம். நான் முதல் இரண்டு வாரம் சும்மாதான் இருந்தேன். கடைசியில் ஒரு பை சுற்றி வரும். பத்தோ இருபதோ போடலாம், போடாமலும் இருக்கலாம். வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை என்பது அவர்கள் விதி. அறை வாடகையும் டீச் செலவும் அந்தப் பையிலிருந்துதான்.

மூன்றாவது வாரம் டீ குடிக்கும்போது ஒருவர் கேட்டார், "அண்ணா, கோத்தகிரில இருந்தா இவ்வளவு தூரம் வர்றீங்க? குன்னூர்ல நம்மாளு ஒருத்தர் இருக்காரே!" ஒரு எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். குன்னூர் எங்களுக்கு இருபது கிலோமீட்டர். அங்கே என்னைத் தெரிந்தவர்கள் நிறைய. சீட்டு பையிலேயே கிடந்தது. ஒரு தடவை துவைத்தும் போட்டாயிற்று, நல்லவேளை பால்பாயிண்ட் பேனா.

அந்த வடகிழக்குப் பருவமழையில் ஒரு நாள் மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது. கூட்டத்துக்குக் கிளம்பியவன் பஸ் நிலையத்தில் நனைந்துகொண்டு நிற்கிறேன். ஊட்டி ஞாயிற்றுக்கிழமையின் அதே மழை, அதே இரண்டு மணி நேரம். கால் எந்தப் பக்கம் திரும்புகிறதென்று எனக்கே தெரிந்தது. சீட்டை எடுத்து அந்த எண்ணுக்கு அடித்தேன்.

"வணக்கங்க. நான் வந்து... கோயம்புத்தூர் கூட்டத்துல ஒருத்தர் நம்பர் குடுத்தாருங்க."

எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "இல எட போடற தம்பிதானே?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான்கைந்து வருடமாக எங்கள் ஷெட்டுக்கு இலை கொண்டுவருகிறவர். காதை மூடிய மப்ளரும் கையில் குடையுமாக வந்து, எடையைப் பார்த்து, பாஸ்புக்கை வாங்கிக்கொண்டு பேசாமல் போய்விடுவார். அவர் பாஸ்புக்கில்தான் ஒரு தடவை 71 கிலோவை 11 என்று எழுதித் தகராறு ஆகாமல் போயிருந்தது. ஆக வேண்டியது, அவர் சண்டை போடவில்லை.

"எங்க நிக்கறீங்க? பேக்கரி தொறந்திருக்கா? உள்ள போயி ஒரு டீயும் பன்னும் சொல்லுங்க. வயித்த காலியா வச்சிட்டு நிக்காதீங்க. நான் வரேன்."

முக்கால் மணி நேரத்தில் ஒரு ஜீப்பில் தொற்றிக்கொண்டு வந்து இறங்கினார். பசி, கோபம், தனிமை, களைப்பு இந்த நான்கில் ஒன்று இருந்தாலே மனசு கடைப்பக்கம் இழுக்கும், உங்களுக்கு இன்று நான்கும் இருக்கிறது என்றார். நான் மன்னிப்புக் கேட்டேன், மழையில் வரவழைத்துவிட்டேனே என்று. அவர் சிரித்துவிட்டு ஒரு கதை சொன்னார். 1935-இல் அமெரிக்காவில், ஒஹாயோ மாநிலத்து ஆக்ரன் நகரில், பில் என்கிற பங்குத் தரகர் வந்த வியாபாரம் கெட்டு ஹோட்டல் கூடத்தில் தனியாக நிற்கிறார். குடியை விட்டுச் சில மாதம்தான் ஆகிறது. ஒரு பக்கம் பார், அங்கே சிரிப்புச் சத்தம். இன்னொரு பக்கம் டெலிபோன். தேவாலயங்களின் பட்டியலைப் பார்த்து வரிசையாக அழைத்து, பேசுவதற்கு இந்த ஊரில் ஒரு குடிகாரன் கிடைப்பானா என்று கேட்கிறார். அப்படிக் கிடைத்தவர் பாப் என்கிற அறுவை மருத்துவர். அவர் கடைசியாகக் குடித்த 1935 ஜூன் 10-ஐத்தான் ஏ.ஏ. தொடங்கிய நாளாக வைத்திருக்கிறார்கள். "அன்னிக்கு அந்தாளு பண்ணுனதும் போன்தான் தம்பி. நீங்க கூப்பிட்டதுல இன்னிக்கு எனக்குந்தான் நல்லது."

பன் தின்று முடித்த பிறகு கேட்டேன், என்னைப் பற்றி எப்போதிருந்து தெரியும் என்று.

"உங்க எழுத்தப் பாத்தே தெரியும். எனக்கும் அப்பிடித்தான் கை ஆடும், கையெழுத்துப் போட பேங்க் போனா."

"அப்பவே சொல்லியிருக்கலாமேண்ணா."

"நீங்க கேக்கலையே."

அவர்கள் விளம்பரம் செய்வதில்லை, யாரையும் பிடித்து இழுப்பதில்லை. அது அவர்கள் மரபு. எனக்கு இன்றும் இதில் முழுச் சம்மதமில்லை. ஷெட்டில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வலிப்பு வரை போயிருக்காதோ என்று சில சமயம் தோன்றும். சொல்லியிருந்தால் நான் அவர் இலைக்கு இன்னும் இரண்டு கிலோ ஈரம் கழித்திருப்பேன் என்பதும் தெரியும்.

குன்னூர்க் கூட்டம் ஆறேழு பேர். தேவாலயத்துக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. மதம் மாற்றிவிடுவார்களோ என்று என் அம்மாவுக்குப் பயம். வாடகை கொடுத்து இருக்கிறோம், அறைக்கும் நம் பேச்சுக்கும் சம்பந்தமில்லை என்று நான்கு மாதம் சொன்ன பிறகுதான் நம்பினாள். குடியிலிருந்து மீள ஏ.ஏ. சொல்லும் பன்னிரண்டு படிகளில் கடவுள் வருவது உண்மைதான், ஆனால் அவரவர் புரிந்துகொண்ட கடவுள். எங்களில் நெற்றியில் நீறு பூசியவரும் உண்டு, தொப்பி போட்டவரும் உண்டு. ஒருவர் கடவுளே இல்லை என்பவர். அவருக்கு இந்த ஆறேழு பேர்தான் தன்னை விடப் பெரிய சக்தியாம்.

முதல் நாள் உள்ளே நுழைந்தபோது தெரிந்த முகம் இரண்டு. அவர்களுக்கும் என்னைத் தெரியும். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம், அவ்வளவுதான். அங்கே பார்த்ததை வெளியே பேசுவதில்லை. மூன்று வருடத்தில் என் விஷயம் அந்த அறையிலிருந்து கசிந்ததில்லை. என் உறவுக்காரர்களிடமிருந்து கசிந்தது.

மலையில் இருப்பவர்களுக்குத் தனியாகச் சில தொல்லைகள் உண்டு. சமவெளியில் புதிதாக வருகிறவரிடம் தொண்ணூறு நாளில் தொண்ணூறு கூட்டம் போகச் சொல்வார்கள். இங்கே வாரத்துக்கு ஒன்று கிடைப்பதே பாடு. மற்ற நாட்களுக்கு நான் செல்போனில் தமிழ்க் கூட்டங்களில் சேர்ந்துகொள்கிறேன். கொரோனா காலத்தில் பெருகியவை. வீட்டில் சிக்னல் கிடையாது, தொழிற்சாலைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து வளைவில் நின்றால் இரண்டு கோடு வரும். மழைக்கோட்டுக்குள் போனை வைத்துக்கொண்டு நிற்பேன். கடைசி பஸ் இன்னொரு தொல்லை. கூட்டம் ஏழரைக்கு முடிந்தால் பஸ்ஸைப் பிடிக்க ஓட வேண்டும், பனி இறங்கினால் அதுவும் நிச்சயமில்லை. நான் கேட்டேன், ஒரு மணி நேரம் முன்னால் வைத்தார்கள். கூச்சப்படாமல் கேளுங்கள். சின்னக் கூட்டத்தில் இதெல்லாம் ஒரு டீக்குள் முடிவாகிவிடும். டாக்டர் கொடுத்த மாத்திரையைக் கூட்டத்தில் யாராவது நிறுத்தச் சொன்னால் மட்டும் கேட்காதீர்கள். அதைச் சொல்ல அங்கே யாருக்கும் அதிகாரம் கிடையாது.

என் மனைவிக்கு அல்-அனான் என்று குடும்பத்தினருக்கான தனிக் கூட்டம் இருப்பதை அந்தக் குன்னூர் அண்ணனின் மனைவிதான் சொன்னார். பக்கத்தில் இல்லாததால் அவளும் போனில்தான். என்னைத் திருத்த வழி சொல்வார்கள் என்று போனவள், முதல் மாதம் ஏமாந்து போனாள். அங்கே என்னைப் பற்றிப் பேச்சே இல்லையாம், அவளைப் பற்றித்தானாம். இப்போது என் சட்டைப் பையைச் சோதிப்பதில்லை. விறகு அடுக்குக்குப் பின்னால் மட்டும் இன்னமும் ஒரு பார்வை பார்ப்பாள். நான் கவனிக்காதது போல இருந்துவிடுவேன்.

போன வருடம் அறைச் சாவி என் கைக்கு வந்தது. ஊட்டியில் பூட்டிய கதவு முன்னால் நின்ற கதையை எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். அதனால் கொடுத்திருப்பார்கள் போலிருக்கிறது. யாரும் வராவிட்டாலும் முழு ஒரு மணி நேரம் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்காருவது என்று வைத்திருக்கிறேன். ஜூன் மாதம், காற்றும் மழையும். மரம் விழுந்து ரோடு அடைத்திருந்தது. ஒருவரும் வரவில்லை. நாற்காலிகளைப் போட்டுவிட்டு, கெட்டிலில் தண்ணீரை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஆறு மணிக்குப் போன் அடித்தது. தெரியாத எண், பெண் குரல். பின்னால் பஸ் ஹார்ன் கேட்டது.

"இன்னிக்குக் கூட்டம் இருக்குங்களா?"

"இருக்குங்க."

"அவர்கிட்ட சொல்லாம கேக்கறேன். கேட்டு வச்சுக்கலாம்னு..."

"உங்களுக்கான கூட்டமும் தனியா இருக்குங்க. எங்க வீட்டுல பேசச் சொல்றேன். எந்த ஊருங்க?"

கூடலூர்ப் பக்கம் ஒரு பேர் சொன்னார். அங்கிருந்து குன்னூர் வந்து திரும்பக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார். சுவரில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்துச் சொன்னேன். எழுதிக்கொள்கிறேன், மெதுவாகச் சொல்லுங்கள் என்றார். மறுபடி சொன்னேன்.